போகப் பதினொன்றரை, வர முப்பத்து நாலரை

திங்கட்கிழமை, பிற்பகல் 3.10
(நம் ஊர் நேரம். வேறு எந்த ஊர் நேரத்தையும் இனி நான் எழுதுவதாக இல்லை.)

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களின் சமூகத்துக்கு,

பஸ் டெப்போவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனும், தங்கள் ஒரே தங்கையின் கணவனுமாகிய நான் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பொய்க் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். தாங்களும் தங்கள் வீட்டு அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வீட்டில் இருக்க வேண்டிய ஆள் உங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறாள்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் போனுக்கு இந்த எட்டு நாளில் பத்தொன்பது தடவை கூப்பிட்டுவிட்டேன். நான்கு தடவை மணி அடித்து ஓய்ந்தது, பதினைந்து தடவை தங்கள் தங்கை எடுத்து, "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு நான் ராங் நம்பர். ஆகையால் நடந்ததை நடந்தபடி, நேரம் பிசகாமல், தங்கள் முன் எழுதி வைக்கிறேன். தபாலில் போட்டால் இரண்டு நாள் ஆகும். நாற்பத்தேழாம் நம்பர் பஸ் ஓட்டுநர் என் பழைய சிநேகிதர். அவர் கையில் கொடுத்தால் நாற்பது நிமிடத்தில் தங்கள் வீட்டு நிறுத்தத்துக்கு வந்துவிடும். தாங்கள் சங்கிலி பிடித்து ஊரெல்லாம் நிலம் அளந்த சர்வேயர். தூரம் என்றால் என்னவென்று அறிந்தவர். இந்த வழக்கைத் தீர்க்கத் தங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். அந்த முதல் கோணல் ஆறு மாதத்துக்கு முன்பு, தங்கள் தங்கை நம் மகளின் பிரசவத்துக்காக விமானம் ஏறிய அன்றே விழுந்துவிட்டது. டிக்கெட்டில் போட்டிருந்தது என்ன? திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இங்கிருந்து புறப்பாடு, அதே திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு அங்கே வருகை. ஏழிலிருந்து ஆறரை, பதினொன்றரை மணி நேரம். நடுவில் ஓர் ஊரில் ஐந்து மணி நேரம் நிற்கும் என்றும் போட்டிருந்தது. நான் போனில் தேடிப் பார்த்தேன். இந்த விமான நிலையத்துக்கும் அந்த விமான நிலையத்துக்கும் தூரம் பதினாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர் என்று வந்தது. ஐந்து மணி நேரம் நின்றது போக, மிச்சம் ஆறரை மணி நேரத்தில் பதினாலாயிரத்து இருநூறு! எங்கள் டெப்போவில் எந்த ஓட்டுநராவது இப்படி ஒரு கணக்குக் கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே அவரைக் கண் டாக்டரிடமும் வண்டியைப் பட்டறைக்கும் அனுப்பியிருப்பேன். ஆனாலும் அச்சடித்த டிக்கெட், பெரிய கம்பெனி, நமக்கு எதற்கு வம்பு என்று நம்பினேன். மச்சான், நான் நம்பினேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு நான் நம்பாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அன்று மாலை சரியாக ஆறரைக்கு மகளுக்குப் போன் போட்டேன். "அம்மா வந்தாச்சாம்மா?" என்றேன். அவள் தூக்கக் கலக்கத்தில், "அம்மாவா? அம்மா எங்கப்பா வந்தாங்க?" என்றாள். "டிக்கெட்ல ஆறரைன்னு போட்டிருக்கே!" என்று கத்தினேன். "சாயங்காலம் ஆறரைப்பா. இங்க இப்பதான் காலையில ஏழு மணி" என்றாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்து, அவளைப் பதற வைக்க வேண்டாமே என்று போனை வைத்துவிட்டுத் தங்களைத்தான் கூப்பிட்டேன். பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். நாம் இருவரும் போலீஸ் நிலையத்துக்கு ஓடியதும், வழியில் தங்கள் செருப்பு அறுந்ததும், ஒரு காலில் செருப்போடு தாங்கள் நின்றுகொண்டிருக்க, விமானத்தைக் காணவில்லை என்று நான் புகார் சொன்னதும், "அடையாளம் என்ன சார்?" என்று அங்கே எழுதுகிறவர் கேட்டதும், "வெள்ளை நிறம், இரண்டு இறக்கை" என்று நான் சொன்னதும், அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையும். அந்தச் செருப்புக்காக நான் இன்னும் தங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தங்கள் தங்கையே அங்கிருந்து பேசினாள். "நல்லபடியா வந்து இறங்கிட்டேங்க, இறங்கி ஒரு மணி நேரமாச்சு" என்றாள். கணக்குப் பார்த்தேன். புறப்பட்டு இறங்கியது வரை இருபத்து மூன்று மணி நேரம். டிக்கெட்டில் பதினொன்றரை! மகள் போனை வாங்கி விளக்கினாள். "அப்பா, எங்க ஊர் கடிகாரம் உங்க ஊர் கடிகாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னாடி. டிக்கெட்ல அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவாங்க." எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முப்பத்து நான்கு வருடம் என் டெப்போவுக்கு எட்டு ஊரிலிருந்து வண்டி வந்தது. எந்த ஊர் வண்டியானாலும் என் தலைக்கு மேல் மாட்டியிருந்த ஒரே கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரம் எழுதினேன். "எங்க ஊர்ல இப்ப வேற மணி சார்" என்று சொல்லித் தப்பித்த ஓட்டுநர் எவருமில்லை.

மாடியில் குடியிருக்கும் பூகோள டீச்சரிடம் போய்க் கேட்டேன். அந்த அம்மாள் ஒரு கால்பந்தைக் கொண்டுவந்து, அதில் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, என் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்து, "நீங்கதான் சார் சூரியன், அசையாம நில்லுங்க" என்றார். நான் சூரியனாக நின்றேன். அவர் பந்தைச் சுற்றினார். "இப்ப நமக்குப் பகல், உங்க பொண்ணுக்கு ராத்திரி. கிழக்கே வரும்போது கூட்டணும், மேற்கே போகும்போது கழிக்கணும். புரியுதா?" என்றார். "கிழக்கே போற பஸ்ஸும் மேற்கே போற பஸ்ஸும் ஒரே தூரத்துக்கு ஒரே நேரம்தானேம்மா எடுத்துக்குது?" என்று கேட்டேன். அவர் பந்தைக் கீழே வைத்துவிட்டு, "சூரியன் கேள்வி கேட்கக் கூடாது சார்" என்றார். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. டிக்கெட்டில் இருக்கும் நேரம் நேரமே அல்ல. உண்மையான ஓட்ட நேரம் இருபத்து மூன்று மணி. இதை நான் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் டிக்கெட் வந்தபோது என் கண்டுபிடிப்பு இன்னும் உறுதியாயிற்று. சனிக்கிழமை காலை ஏழுக்கு அங்கே புறப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு இங்கே வருகை என்று போட்டிருந்தது. கூட்டிப் பாருங்கள், முப்பத்து நாலரை மணி நேரம்! போகப் பதினொன்றரை, வர முப்பத்து நாலரை. ஒரே தூரம், ஒரே கம்பெனி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் என்ன வருகிறது? இருபத்து மூன்று! ஒரு பக்கம் குறைத்துப் போட்டு, மறுபக்கம் ஏற்றிப் போட்டு, மொத்தத்தில் சரிக்கட்டியிருக்கிறார்கள். இந்தத் தந்திரத்தை டெப்போவில் நான் நூறு தடவை பிடித்திருக்கிறேன். டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நெரிசல் என்று எழுதுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. நான் இனிமேல் டிக்கெட்டைப் பார்ப்பதில்லை, இருபத்து மூன்றைத்தான் கூட்டுவேன் என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில் கடிகாரச் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். இதைத் தங்கள் தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முதல் குழப்பத்துக்குப் பிறகு மகள் என்னிடம், "அப்பா, கூடத்துல இன்னொரு கடிகாரம் மாட்டி, எங்க ஊர் நேரத்தை வச்சிடுங்க. குழப்பமே வராது" என்று சொன்னாள். நானும் வாங்கி, நம் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினேன். மகளே போனில் சொல்லச் சொல்ல முள்ளைத் திருகி வைத்தேன். ஆனால் மச்சான், முப்பத்து நான்கு வருடப் பழக்கம் கையில் இருக்கிறதே. காலையில் எழுந்ததும் டெப்போவில் என் முதல் வேலை, எந்தக் கடிகாரம் பிசகியிருக்கிறது என்று பார்த்துச் சரி செய்வது. பல் துலக்கிக்கொண்டே கூடத்துக்கு வருவேன், இரண்டு கடிகாரத்தில் ஒன்று தப்பாக ஓடுவது கண்ணில் படும், கை தானாகப் போய் முள்ளைத் திருகிவிடும். காபி குடிக்கும்போதுதான் ஞாபகம் வரும். மறுபடி மகளுக்குப் போன் போட்டு மாற்றி வைப்பேன். மறுநாள் காலை மறுபடி கை போகும். மூன்று மாதம் இப்படி. கடைசியில் மகளைத் தொந்தரவு செய்ய வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டுவதைப் பார்க்க மனதுக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

தங்கள் தங்கை கிளம்புவதற்கு முந்தின வாரம் போனில், "எங்க ஊர்க் கடிகாரம் மாட்டியிருக்கீங்கல்ல, சனிக்கிழமை அதுல ஏழு மணி அடிக்கறப்ப எனக்கு வண்டி. மறந்துடாதீங்க" என்றாள். மறப்பேனா? சனிக்கிழமை காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அந்தக் கடிகாரத்தின் எதிரே நின்றேன். ஏழு அடித்தது. டெப்போவிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பழைய நடைப் பதிவேட்டில் எழுதினேன்: புறப்பாடு 7.00. வண்டி எண் தெரியாது. ஓட்டுநர் பெயர் தெரியாது. பயணிகள்: ஒருத்தி. எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக ஒரு டம்ளர், ஒரு தட்டு. பேச்சுக்கு ஆளில்லாமல் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழோடு இருபத்து மூன்றைக் கூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் இங்கே.

சனிக்கிழமை மாலை நாலரைக்கு அவளிடமிருந்து போன். "ஏர்போர்ட்ல உட்கார்ந்திருக்கேங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு" என்றாள். என் கணக்குப்படி புறப்பட்டு ஒன்பதரை மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் ஐந்து மணி நேரம் நிற்கும் ஊருக்கு ஏழு மணி நேரத்தில் வந்துவிடும். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! "பாதி தூரம் வந்துட்டே!" என்றேன் சந்தோஷமாக. அவள் சிரித்தாள். "மனசு பாதி தூரம் எப்பவோ வந்துடுச்சு" என்றாள். பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "சரி வைக்கிறேன், பிள்ளை அழுவுது" என்று வைத்துவிட்டாள். யாரோ பயணியின் குழந்தை, இவள் தூக்கிக் கொஞ்சப் போகிறாள் என்று நினைத்தேன். வழியனுப்ப வந்த நம் பேத்தி அது என்று இப்போதுதான் தெரிகிறது. தினமும் போனில் கேட்ட அழுகைதான். அடையாளம் தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கே விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். ஆறு ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. வந்தவர்களெல்லாம் வேறு யார் வீட்டு ஆட்களோ. விசாரணை மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "அந்த விமானம் சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் சார்" என்றாள். "அது டிக்கெட் நேரம். நான் உண்மையான நேரத்தைக் கேட்கிறேன்" என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரியை ஒரு முறை பார்த்தாள். உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "என்ன மாப்பிள்ளை, உங்க அத்தை கிளம்பினாளா இல்லையா?" என்றேன். "கிளம்பிட்டாங்க மாமா. இன்னைக்குக் காலையில ஏழு மணிக்குத்தான் கிளம்பினாங்க. நாங்கதான் போய் ஏத்தி விட்டுட்டு வந்தோம்" என்றார்.

இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு! கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஆறேகால். "மாப்பிள்ளை, மணி இன்னும் ஏழே ஆகலையே!" என்றேன். "இங்க சாயங்காலம் ஆறே முக்கால் மாமா" என்றார். "காலையில கிளம்பினாளா, சாயங்காலம் கிளம்பினாளா?" "காலையிலதான் மாமா." "எந்தக் காலையில?" "இன்னைக்குக் காலையில." "இன்னைக்கு என்ன கிழமை?" "சனிக்கிழமை." மச்சான், நான் அங்கே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர், ராத்திரி பகல் இல்லாமல் உழைக்கிறவர், போதாததற்குக் கைக்குழந்தை வேறு. பாவம், கிழமை மறந்து போயிருக்கிறது என்று நினைத்தேன். மனிதர் சொன்னதில் ஒன்று மட்டும் உறுதி, இன்றைக்கு ஏழு மணி வண்டி. அப்படியானால் இன்று ஞாயிறு, ஏழு மணி, கூட்டினால் நாளை திங்கள் காலை ஆறு. அப்படியென்றால் நேற்று மாலை ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாளே? அதற்கும் எனக்குப் பதில் இருந்தது. தங்கள் தங்கை பக்கத்து ஊர் ரயிலுக்கே நாலு மணி நேரம் முன்னால் போய் உட்காருகிறவள். விமானத்துக்குப் பதினாலு மணி நேரம் முன்னால் போயிருப்பாள். இதில் என்ன அதிசயம்? பதிவேட்டில் சனிக்கிழமையை அடித்து ஞாயிறு என்று திருத்தி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பினேன். கூடத்தைக் கழுவினேன். அவள் தலையணை உறையை மாற்றினேன்.

இனி வருவதுதான் மச்சான், என்னைத் தெருவில் நிறுத்திய பகுதி. ஞாயிறு மாலை ஆறேகாலுக்குப் போன் அடித்தது. அவள்தான். "எங்க இருக்கீங்க? நான் வெளியில வந்து நிக்கிறேன்" என்றாள். என் கணக்கில் புறப்பட்டுப் பதினொன்றேகால் மணி நேரம். அதாவது நடுவில் நிற்கும் ஊர். "ஐயோ, வெளியில ஏன் வந்தே? உள்ளே போ! வண்டியை விட்டுடுவே!" என்று கத்தினேன். "எந்த வண்டியை?" என்றாள். "அடுத்த வண்டியை. நீ இன்னும் பாதி தூரம்தான் வந்திருக்கே." "என்னங்க சொல்றீங்க, நம்ம ஊருக்கு வந்துட்டேன். ரெண்டு பெட்டியோட வாசல்ல நிக்கிறேன்." "உனக்குக் களைப்பு. எல்லா ஏர்போர்ட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். யாராவது யூனிபாரம் போட்டவங்களைக் கேளு." "எதிர்ல நம்ம நாற்பத்தேழாம் நம்பர் பஸ் நிக்குதுங்க!" "எல்லா ஊர்லயும் நாற்பத்தேழு ஓடும். அதுல மட்டும் ஏறிடாதே!" என்றேன்.

பிறகு தாழ்ந்த குரலில், "நான் வந்துட்டேன்னு சொல்றேன். நம்ப மாட்டீங்களா?" என்றாள். மச்சான், அந்தக் குரலை நான் கேட்டிருக்க வேண்டும். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் பதினொண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு. பயப்படாதே, காலையில ஆறு மணிக்கு நான் வந்து நிப்பேன்" என்றேன். போன் துண்டித்துப் போயிற்று. சிக்னல் இல்லை என்று நினைத்தேன். அவள் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு, நான் ஏறாதே என்று சொன்ன அதே பஸ்ஸில் ஏறி, தங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் சொன்ன சொல் தவறாமல் விமான நிலையத்தில் நின்றேன். ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தார்கள். "உங்க வீட்டம்மா நேத்து சாயங்காலமே இங்க வந்துட்டாங்க" என்றார்கள். அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும், எனக்கு நாக்குச் சறுக்கியது. "இருக்க முடியாதே அக்கா. அது அவதானான்னு நல்லா பாருங்க" என்றேன். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அன்று முதல் நான் ராங் நம்பர். "என் வார்த்தையை விட அந்த மனுஷனுக்குக் கடிகாரம்தான் பெரிசு. கடிகாரத்தோடயே குடித்தனம் நடத்தட்டும்" என்று அவள் சொன்னதாக அக்கா பிறகு சொன்னார்கள்.

பிறகு டீச்சர் கால்பந்தைத் திரும்பவும் கொண்டுவந்தார். இந்தத் தடவை அவரே சூரியனாக நின்றுகொண்டு என்னைப் பந்தைச் சுற்றச் சொன்னார். முழுவதும் விளங்கிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையின் சனிக்கிழமையும் என் ஞாயிற்றுக்கிழமையும் எப்படி ஒரே நேரத்தில் இருந்தன என்பது இன்னும் இடிக்கிறது. ஆனால் என் மனைவி இன்ன இடத்தில் நிற்கிறேன் என்றால் அவள் அங்கேதான் நிற்கிறாள், அதற்குப் பூகோளம் வேண்டாம் என்பது விளங்கிவிட்டது. வருத்தப்படுகிறேன் மச்சான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

நானே நேரில் வந்து கூப்பிடலாமே என்று தாங்கள் நினைக்கலாம். வரத்தான் தினமும் சட்டை மாட்டுகிறேன். ஆனால் நான் அங்கே வரக் கிளம்புகிற நேரம் பார்த்து அவள் இங்கே வரக் கிளம்பிவிட்டால்? இரண்டு பஸ்ஸும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்து போய்விடும். அவள் வந்து பூட்டிய கதவைப் பார்ப்பாள். மறுபடியும் நான் இல்லாத வாசலில் அவள் பெட்டியோடு நிற்க வேண்டிவரும். அதை நினைத்தே சட்டையைக் கழற்றி மாட்டிவிடுகிறேன். ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து, அவளிடம் நல்ல வார்த்தை சொல்லி, என்றைக்கு, எத்தனை மணி வண்டியில் அனுப்பி வைக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதி அதே ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் அரை மணி முன்னதாகவே நிறுத்தத்தில் நிற்பேன்.

தங்களுக்கும் அக்காவுக்கும் என் பணிவான வணக்கங்கள். தங்கள் முழங்கைக்கும் மூட்டுக்கும் நோவில்லாமல், இருவரும் நூறாண்டு இருந்து எங்கள் சண்டைகளைத் தீர்த்து வைக்க வேண்டும். தங்கையிடம் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். கேட்காவிட்டாலும் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
டைம் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தாங்கள் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்த சத்தம் கேட்டது. மாடி டீச்சர் சாவி வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து, தலையைத் தூக்காமல், "ஆணியில இருக்கும்மா, எடுத்துக்குங்க" என்றேன். எழுதி முடித்த தாள்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனதையும் காற்று என்று நினைத்தேன். உறையை ஒட்டப் பசை தேடித் திரும்பினால், எதிர் நாற்காலியில் தங்கள் தங்கை, மடியில் என் கடிதம், காலடியில் இரண்டு பெட்டி. "நீ எப்ப வந்தே?" என்றேன். "சொன்னா நம்புவீங்களா?" என்றாள். "நம்புவேன்" என்றேன். ஒரு மணி நேரமாயிற்றாம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "பதினாலாயிரம் கிலோமீட்டரை இருபத்து மூணு மணி நேரத்துல வந்தேன். அண்ணன் வீட்டுல இருந்து இங்க பதினோரு கிலோமீட்டர். அதுக்கு எட்டு நாள் ஆயிருக்கு. உங்க கணக்குல இது என்ன வேகம்?" சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. தங்கள் விலாசம் எழுதிய உறையின் பின்பக்கத்திலேயே வகுத்துப் பார்த்து, "மணிக்கு ஐம்பத்தேழு மீட்டர். இவ்வளவு மெதுவா எந்த வண்டியும் ஓடாதே" என்றேன்.

"ஓடலைங்க. நின்னுக்கிட்டிருந்தது. நீங்க வந்து கூப்பிடுவீங்கன்னு எட்டு நாளா வாசலையே பார்த்துக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தது" என்றாள்.

அதை வகுத்துப் பார்க்காமல் உறையைக் கீழே வைத்தேன் மச்சான். எழுந்து போய்ப் பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்தேன்.